கொல்கத்தாவில் எட்டு மேஜைகள்

ராயபுரம்,
டிசம்பர் 9.

இயேசுவுக்குப் புகழ்.

இந்த உறையை முதலில் பிரிக்கப்போகும் மடத்துத் தலைவி மதர் அவர்களுக்கு என் பணிவான வணக்கம். நோன்பிருக்கும் திருவருகைக் காலத்தில் இவ்வளவு சாப்பாட்டோடு ஒரு கடிதம் மடத்துக்குள் வருவதற்கு மன்னிக்கவும். நடுவில் ஒரு கேக் வருகிறது. அதைத் தாண்டிப் படித்தாலும் விஷயம் புரியும்.

அன்புள்ள சிஸ்டர் அத்தைக்கு, உங்கள் அண்ணன் மகள் ஜூடி எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, தம்பி ஜோபின், நான் நால்வரும் சுகம். நால்வர். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும். உங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்குப் பதின்மூன்று நாட்களாகப் பயம். காய்ச்சலைப் போல. காலையில் இறங்குகிறது, சாயங்காலம் ஏறுகிறது.

ஏன் கடிதம் என்றால், உங்களிடம் ஃபோன் இல்லை. குடும்ப வாட்ஸப் குழுவில் இல்லாத ஒரே சொந்தம் நீங்கள்தான். இங்கே யாரிடம் எதைச் சொன்னாலும் ஒரு கூடை மீன் ஆய்ந்து முடிப்பதற்குள் அது அம்மாவுக்குப் போய்விடுகிறது.

அப்பா அக்டோபரில் துறைமுகத்திலிருந்து ஓய்வு பெற்றது உங்களுக்குத் தெரியும். முப்பத்துநான்கு வருடம் கிரேன். மாலை போட்டார்கள், ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். மாலையைக் கழற்றாமலே வீட்டுக்கு வந்து, "ஆலிஸு, எங்கனா போலாம். எந்த ஊருன்னு நீயே சொல்லு" என்றார். அம்மா யோசிக்கவில்லை. அடுப்பிலிருந்து திரும்பவும் இல்லை. "கல்கத்தா" என்றாள். கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே ஒரு தெரு முழுக்க விளக்குப் போடுவார்களாம். எட்டாம் வகுப்பில் ஒரு டீச்சர் சொன்னாராம். நாற்பத்திரண்டு வருடம் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். எனக்கு அப்போதே லேசாகப் பயம் வந்தது. இன்னும் என்னென்ன வைத்திருக்கிறாளோ.

பண்டிகை முடிந்து மறுநாள் ரயில். இருபத்தேழிலிருந்து முப்பதுவரை நான்கு நாட்கள். ஞாயிறு பூசையைத் தவறவிட மாட்டோம், கவலைப்படாதீர்கள். காலைப் பலகாரம் விடுதியிலேயே. மதியமும் இரவும் வெளியே. ஆக எட்டு வேளை. இந்த எட்டுக்கும் அம்மா ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஸ்டவ் வந்தா நா வரல."

ஸ்டவ் கதை உங்களுக்குத் தெரியும். நாங்கள் வேளாங்கண்ணிக்குப் போய்வந்து எழுதும் கடிதத்தில் வருடாவருடம் அது வரும். ஒவ்வொரு செப்டம்பரும் ஸ்டவ், அரிசி, புளி, மிளகாய்த்தூள், குழம்புச் சட்டி. முன்பு மண்ணெண்ணெய் ஸ்டவ், இப்போது கரண்டில் போடுகிற இண்டக்‌ஷன். அறையில் சமைக்கக் கூடாது என்று லாட்ஜ் சுவரில் எழுதியிருக்கும். அம்மா ஈரத்துண்டைக் கதவுக்கு அடியில் அடைத்துவிட்டு, மாதாவை மனதில் நினைத்து, வஞ்சிர மீன் குழம்பு வைப்பாள். நாங்கள் கடலுக்குப் போவோம், தேருக்குப் போவோம், கடைத்தெருவுக்குப் போவோம். அம்மா பார்த்த வேளாங்கண்ணியில் பாதி அந்த அறைச் சுவர்.

"எட்டு வேளையும் எங்க உக்காரப் போறோம்னு முன்னாடியே எய்தி என் கையில குடுக்கணும்" என்றாள். "ஒரு வேள காலியா இருந்தாலும் ஒங்கப்பா வந்து நிப்பாரு. ஆலிஸு, ஒரு ரசம் மட்டும் வெய்யின்னு. எனக்குத் தெரியாதா."

"நா அப்டிலாம் கேக்க மாட்டேன்" என்றார் அப்பா.

"போன வருசம் கேட்ட. தேரு நம்ம லாட்ஜு வாசல்ல போய்கினு இருக்குது, நீ ரசம் கேட்ட."

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். புதுக் கடிகாரம்.

தேர்ந்தெடுக்கும் வேலை எனக்கு வந்தது. எம்.ஏ. படித்த பெண் என்பதால். தேர்வு செய்தல் மனிதனுக்குத் தரும் பதற்றம் குறித்து நான் ஒரு கட்டுரை எழுதி வகுப்பில் முதலாவதாக வந்தேன் அத்தை. நாற்பது பக்கம். அதில் உணவகம் எங்கும் வரவில்லை.

முதல் நான்கு நாட்கள் வெறும் வாசிப்பு. சாப்பிட்டவர்கள் எழுதிய கருத்துகள். ஒரே கடை, ஒரே நாள், ஒரே கட்லெட். ஒருவர் சொர்க்கம் என்கிறார். அடுத்தவர் தன் வாழ்வின் மிக மோசமான அனுபவம் என்கிறார். ஆறிப்போன கட்லெட் ஒன்றுதான் அவருடைய வாழ்வின் மிக மோசமான அனுபவம். அவர்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. பிறகு பயம் வந்தது. நான் சொர்க்கக்காரரை நம்பி அம்மாவை அழைத்துப்போய், கட்லெட் ஆறியிருந்தால்? அம்மா ஒரு வாய் தின்றுவிட்டு, ஒன்றும் சொல்லாமல், தட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்தால்? அந்தக் கொஞ்சத்தை நினைத்துத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஆலோசனைகளுக்குக் குறைவில்லை. காசிமேட்டில் மீன் விற்கும் பக்கத்து வீட்டு கெங்கம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு, "கல்கத்தாக்காரன் ஆத்து மீனு துன்றவன். ஆத்து மீனு இன்னா மீனு, அலையே பாக்காத மீனு. வாய்ல வெச்சா சேறு. பாத்து போ கண்ணு" என்றாள். அன்றிரவு அப்பா மீன் போடாத கடையாகப் பார்க்கச் சொன்னார். மறுநாள், மீன் இல்லாமல் நான்கு நாள் எப்படி என்றார். ஜோபினுக்கு வேறு துக்கம். அங்கே பிரியாணியில் முழு உருளைக்கிழங்கு போடுவார்களாம். "பிரியாணில உருளக்கெயங்கா, அக்கா? யாருமே கேக்க மாட்டாங்களா?" என்றான். திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில் ராட்சத வண்டிகளுக்கு நடுவே தைரியமாக நிற்கிற பையன். குரல் இறங்கிவிட்டது. அப்படி ஒரு கடையை நான் ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டேன். இருபத்தெட்டு மதியம். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. இது பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியதா என்று எழுதவும்.

இதற்கிடையே அப்பாவுக்கு முள்கரண்டி பயம் பிடித்துக்கொண்டது. கையால் சாப்பிட்டால் எழுப்பிவிடுவார்களா என்று கேட்டார். மாட்டார்கள் என்றேன். ஆனால் பார்ப்பார்களா என்றார். ஜோபின் ஒரு முள்கரண்டி வாங்கிவந்து, வேகவைத்த பட்டாணியைத் தட்டில் கொட்டிப் பயிற்சி கொடுத்தான். முப்பத்துநான்கு வருடம் இருபது டன் பெட்டியைக் கப்பலிலிருந்து எடுத்து, ஒரு கீறல் விழாமல் லாரிமேல் வைத்தவர். ஒரு பட்டாணி நிற்கவில்லை. "பட்டாணிக்குக் கொக்கி இல்லடா, அதான்" என்று தம்பியிடம் சமாதானம் சொன்னார். உருண்டு போனவற்றை அம்மா பெருக்கினாள்.

பிறகு தொலைபேசி. எல்லாவற்றிலும் கடினமானதை முதலில் முடித்துவிடலாம் என்று முப்பதாம் தேதி இரவை எடுத்தேன். கடைசி இரவு. அந்த விளக்குத் தெருவிலேயே, மாடியில் இருக்கும் ஓர் உணவகம். ஜன்னலோரம் ஒரு சின்ன மேஜை. அங்கே உட்கார்ந்தால் தெரு முழுக்கக் கீழே எரியும். படத்தில் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன். என் வாழ்க்கையில் பதற்றமில்லாமல் செய்த ஒரே தேர்வு. மூன்று முறை அழைத்தேன். "குட் ஈவினிங்" என்ற குரல் வந்ததும் இரண்டு முறை வைத்துவிட்டேன். மூன்றாவது முறை பேசினேன். பெயர் கேட்டார், தேதி கேட்டார், எத்தனை பேர் என்று கேட்டார், சொன்னேன். ஏதாவது விசேஷமா என்றார். ஆமாம் என்றேன். என்ன விசேஷம் என்றார். அம்மா உட்காரப் போகிறாள் என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது அத்தை. "மதர்" என்றேன். "பர்த்டே?" என்றார். மறுக்கத் தைரியம் வரவில்லை. "யெஸ்" என்றேன். ஆகவே அன்று இரவு ஒரு சின்ன கேக் வரும், மெழுகுவத்தி வரும், கடைச் சிப்பந்திகள் சுற்றி நின்று கைதட்டிப் பாடுவார்கள். அம்மாவின் பிறந்தநாள் மே மாதம். ஊரார் நடுவில் அவளை யாராவது ஒரு நிமிடம் சேர்ந்தாற்போல் பார்த்தாலே முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விடுகிறவள். அங்கே உள்ளே என்பது எது.

மற்ற ஏழு கடைகளையும் அதே நடுக்கத்தில் முடித்தேன். பெயர், தேதி, எத்தனை பேர். எட்டு உறுதிச் செய்திகள் வந்தன. ஜோபின் யார்டு அலுவலகத்தில் அச்செடுத்து வந்தான். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, காலண்டர் ஆணியில் குத்தி மாட்டினாள். வேலைக்கு நடுவே வந்து வந்து பார்ப்பாள். கடைப் பெயர்களை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள், புனிதர்கள் மன்றாட்டு மாதிரி. வெள்ளிக்கிழமை யாருக்கும் சொல்லாமல் எம்.சி. ரோடுக்குப் போய் ஒரு செருப்பு வாங்கிவந்தாள். குதிகால் உயர்ந்தது. ஓர் அங்குலம்தான். அதைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்து, நின்று பார்த்துவிட்டு, திரும்பப் பெட்டியில் வைத்தாள். அன்று ஒருநாள் எனக்குப் பயமில்லை.

சனிக்கிழமை காலை அம்மா நாற்காலி போட்டு ஏறி, பரணிலிருந்து ஸ்டவ்வை இறக்கினாள்.

அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். தலைகீழாகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஜோபின் என்னைப் பார்த்தான். நான் ஸ்டவ்வைப் பார்த்தேன். அம்மா மாதா சுரூபத்தைத் துடைக்கிற பொறுமையோடு அதைத் துடைத்தாள். கண்ணாடி மேல்பாகம், ஒயர், பிளக்கின் மூன்று கால்கள். ஒவ்வொரு காலாக. ஆற்று மீனா? கேக் விஷயம் தெரிந்துவிட்டதா? அப்பா ரகசியமாக ரசம் கேட்டாரா? நான் காலண்டர் அருகே போய்த் தாள்களை முதன்முறையாக முழுசாகப் படித்தேன். கடைப் பெயர். தேதி. நேரம். ஜூடி செல்வநாதன். அதற்குக் கீழே ஓர் எண்.

3.

அடுத்த தாள். 3. அடுத்தது. எட்டுத் தாளிலும் 3.

ஒருமுறை என்றால் பிழை என்று சொல்லலாம் அத்தை. எட்டு முறை. எட்டு வேறு வேறு குரல்கள் எத்தனை பேர் என்று கேட்டிருக்கின்றன, எட்டு முறையும் என் வாய் யோசிக்காமல் அதே பதிலைச் சொல்லியிருக்கிறது. எட்டு வயதில் அம்மா எனக்குக் கொடுத்த முதல் வீட்டுவேலை தட்டு வைப்பது. அப்பாவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அம்மா பிறகு சாப்பிடுவாள். எப்போது என்று நான் பார்த்ததில்லை. சட்டியிலேயே போட்டுப் பிசைந்து, நின்றுகொண்டு, என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்று எழுதுகிறேன் பாருங்கள். பதினெட்டு வருடம் மூன்று தட்டு வைத்த கை, அம்மாவுக்காகவே போகிற ஊரில், அம்மாவை விட்டுவிட்டு எண்ணியிருக்கிறது.

போய் அவள் முன்னால் நின்றேன். "அம்மா, தப்பாயிடுச்சி."

"இன்னா தப்பு?"

"மூணுன்னு சொல்லிட்டேன்."

"ஆமா, பாத்தேன். வூட்ல மூணு தட்டுதான வெக்கிற. அதே வாய்ல வந்துட்டிருக்கும்." ஒயரைச் சுருட்டினாள்.

"அப்ப ஸ்டவ் எதுக்கும்மா?"

"தூசியா கீது."

திட்டியிருக்கலாம். திட்டினால் எனக்குப் பதில் தெரியும். குரலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இருபத்தாறு வயதில் நான் கேட்ட மிகவும் பயங்கரமான வாக்கியம் தூசியா கீது என்பதுதான்.

அன்றே எட்டுக் கடைகளுக்கும் மறுபடி அழைத்தேன். பயத்தில் ஒரு நன்மை, அது பெரியதாக வரும்போது சின்னது ஓடிவிடுகிறது. ஒரு குட் ஈவினிங்குக்கும் நான் நடுங்கவில்லை. ஏழு கடைக்காரர்கள் மூன்றை நான்காக்கினார்கள். எட்டாவது, அந்த ஜன்னலோரம், முடியாது என்றார்கள். மேஜை சின்னது, மூன்று நாற்காலிதான் நிற்கும். உள்ளே தள்ளி இடம் இருக்கிறதா என்றேன். முப்பதாம் தேதி இரவு சமையலறை வாசல்வரை நிரம்பிவிட்டது என்றார். வேறு யாராவது ரத்து செய்தால் சொல்கிறேன் என்றார். மதருக்கு முன்கூட்டியே பிறந்தநாள் வாழ்த்து என்றார்.

வீட்டில் கூட்டம் போட்டோம். அப்பா, "நா கீய ரோட்ல நின்னு லைட்ட பாத்துகினு இருக்கேன். நீங்க மூணு பேரும் மேல போய் துன்னுங்க. எனக்கு அந்த முள்ளால குத்துற வேலையும் மிச்சம்" என்றார். ஜோபின், "நீ ஏன் நைனா நிக்கிற, நா ரூம்ல படுத்துக்கறேன். உருளக்கெயங்கு போடுற ஊர்ல ஒரு வேள கம்மியா துன்றது ஒடம்புக்கு நல்லதுதான்" என்றான். நான், தப்பு என்னுடையது, நான்தான் போகக் கூடாது என்றேன். அரை மணி நேரம் மூவரும் ஒருவர் தியாகத்தை ஒருவர் பிடுங்கினோம். அப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "நின்னா நாந்தான் நிப்பேன், இது என் ரிட்டயருமெண்டு" என்றார். அம்மா அடுப்படியில் இருந்தாள். கரண்டிச் சத்தம் நின்று நின்று கேட்டது. அவளிடம் நாங்கள் யாரும் கேட்கவில்லை. இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

இன்றோடு மூன்று நாள். ஸ்டவ் அலமாரிமேல் துணி போர்த்தியபடி இருக்கிறது. செருப்புப் பெட்டி அதற்குப் பக்கத்தில். இரண்டில் எது வரும் என்று தெரியவில்லை. ஸ்டவ் வந்தால் அம்மா வரமாட்டாள். அம்மா வராவிட்டால் நாங்கள் மூன்று பேர். தாளில் முதலில் இருந்தபடியே. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

உங்கள் மடத்தில் நீளமான மேஜை என்றும், எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்வீர்கள் என்றும், ஒரு சிஸ்டர் நின்று புனிதர் வரலாறு வாசிப்பார் என்றும் ஒருமுறை எழுதியிருந்தீர்கள். வாசிக்கிற சிஸ்டர் பிறகு எப்போது சாப்பிடுவார்? யாருடன்? யாராவது பார்ப்பீர்களா? கேட்பது தப்பென்றால் மதர் இந்த வரியை அடித்துவிடலாம்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. ஒன்று, அம்மாவுக்கு ஒரு கடிதம். நீங்கள் சொன்னால் கேட்பாள். கல்யாணமாகி அவள் இந்த வீட்டு அடுப்படிக்குள் நுழைந்த வாரம்தான் நீங்கள் மடத்துக்குள் நுழைந்தீர்கள், ஒரே பயிற்சி வகுப்பு என்று அவளே சொல்வாள். இரண்டு, ஒரு ஜெபம். முப்பதாம் தேதி இரவு அந்த மாடியில் இடம் எடுத்திருக்கும் யாராவது ஒருவர் வராமல் இருக்க வேண்டும். கெடுதல் எதுவும் வேண்டாம். லேசான ஜலதோஷம் போதும். காணாமல்போன பொருளுக்கு அந்தோணியார் இருக்கிறார். காணாமல்போன நாற்காலிக்கும் அவர்தானா என்று தெரியவில்லை, அவரிடமே விசாரிக்கவும்.

மடத்துச் சகோதரிகள் எல்லோருக்கும் எங்கள் தோத்திரம். அப்பா அன்பைச் சொல்லச் சொன்னார். ஜோபின் முட்டிக்கு ஒரு தைலம் அனுப்புகிறான், படியிறங்குமுன் தடவவும். பாலன் பிறப்பு உங்கள் எல்லோருக்கும் குளிரில்லாமல் அமையட்டும்.

உங்கள் ஆசீருக்குத் தலைகுனிந்து நிற்கும்,
ஜூடி.

பி.கு.: உறையை ஒட்டவில்லை, நல்லதாயிற்று. மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். சாயங்காலம் அம்மா வந்து என் ஃபோனைக் கேட்டாள். முப்பதாம் தேதிக் கடையின் எண்ணைப் போடச் சொன்னாள். காதில் வைத்துக்கொண்டு, கோவில் ஒலிபெருக்கி அளவுக்குச் சத்தமாக, "ஹலோ, ஜூடி மதர் ஸ்பீக்கிங். தேர்ட்டி நைட்டு. திரீ வேணாம். ஒன். ஒன்லி ஒன். ஜன்னல்" என்றாள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "யெஸ், பர்த்டே" என்றாள். "கேக்கு இருக்கட்டும். பாட்டும் இருக்கட்டும்."

ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள். "ஸ்டவ்வு ஒங்களுக்குத்தான் தொடச்சேன். அன்னிக்கு ராத்திரி மூணு பேரும் ரூம்ல ஆக்கித் துன்னுங்க. ஒண்ணற டம்ளர் அரிசி போடு, போதும். கதவாண்ட ஈரத்துண்டு வெக்க மறந்துடாத. நா வர்றதுக்குள்ள பாத்திரம் கழுவி இருக்கணும்."

ஆகவே ஜலதோஷ ஜெபத்தை நிறுத்திவிடவும். அம்மாவுக்குக் கடிதமும் வேண்டாம். அப்பா உடனே ஒத்திகை பார்க்கிறேன் என்று அடுப்படிக்குள் போய் ரசம் வைத்தார். அதன் நிறத்தை இங்கே எழுதவில்லை, மதர் படிக்கிறார். நான் தட்டு வைத்தேன். மூன்று வைத்துவிட்டு, யோசித்து, நான்காவதையும் எடுத்து வைத்தேன். அம்மா புதுச் செருப்போடு கூடத்தில் நடந்து பழகிக்கொண்டிருந்தாள். டக், டக். வந்து எட்டிப் பார்த்தாள்.

"அது யாருக்கு?"

"உனக்கும்மா."

குனிந்து ரசத்தை முகர்ந்தாள்.

"எனக்கு முப்பதாந்தேதி ராத்திரி போதும்" என்றாள்.